கறுத்துப்போன கூகை முகம்: வெள்ளையை மீட்டது எப்படி

ஆங்கிலப் பறவையியலாளர் ஜான் கூல்டு 1862–73இல் வெளியிட்ட பிரிட்டன் பறவைத் தொகுதியிலிருந்து ஒரு தாள். கையால் வண்ணமிட்ட லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்), கூகை. வெளுப்பாக இருக்கவேண்டிய முகத்தில் சாம்பல் திட்டுகள். பூஞ்சை என்று எண்ணி மென்தூரிகையால் துடைத்தேன், ரப்பர் தூளை உருட்டினேன். மூன்று நாள் வீண்.

பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கறுப்பு, வெள்ளை தீட்டிய தூரிகைக் கோடுகளின் மேல் மட்டுமே இருந்தது. தாளைச் சாய்த்தால் உலோகம்போல் மினுங்கியது. பூஞ்சை கோடு பார்த்துப் படராது. ஈயவெள்ளை என்ற ஈயம் கலந்த வெள்ளை நிறமி, காற்றிலிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவால் கறுப்பு ஈய சல்ஃபைடாகியிருந்தது.

3% ஹைட்ரஜன் பெராக்சைடு, மிக நுண்ணிய 000 எண் தூரிகை. நனைத்து, ஒற்றுத்தாளில் தட்டி, ஈரம் பேருக்கு இருக்கும்போது கறுத்த கோட்டை மட்டும் தொட்டேன். சற்று நேரத்தில் வெளுத்தது. சல்ஃபைடு வெள்ளை ஈய சல்ஃபேட்டாக மாறிவிட்டது. பழைய ஈயவெள்ளை திரும்பவில்லை, ஆனால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கறுப்பு விடாத இடங்களுக்கு, உலர்ந்தபின் இரண்டாம் முறை.

ஓரிடத்தை மட்டும் தொடவில்லை: கருவிழி. அதன் பளபளப்பு பிசின் பூச்சு. ஒரு துளி ஈரம் பட்டாலும் கரைந்துவிடும்.