தின்னும் ஸ்பூன்: டர்பன் வீட்டு ஓவனில் மபேலா மாவு வைத்துச் செய்யும் முறை

டர்பனில் பெரிய மழை ஓய்ந்த மறுநாள் புளூ லகூன் பக்கம் போனால், உம்கேனி ஆறு எதையெல்லாம் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது என்று தெரியும். பாட்டில், தெர்மகோல் பெட்டி, நடுவில் வெள்ளை வெள்ளையாக பிளாஸ்டிக் ஸ்பூன். பாட்டிலையாவது பொறுக்கி எடைக்குப் போட ஆள் வரும். ஸ்பூனை யாரும் சீண்டுவதில்லை. அவ்வளவு சின்னது, அவ்வளவு லேசானது. நம் கல்யாணத்திலும் கோவில் அன்னதானத்திலும் பாயசத்துக்குப் போட்ட ஸ்பூனும் அதில் இருக்கத்தான் செய்யும். இலையில் சோறு சாப்பிடக் கை போதும். சுடச்சுடப் பாயசத்துக்குத்தான் ஸ்பூன் வேண்டியிருக்கிறது. அந்த ஸ்பூனையே கடித்துத் தின்னும்படி செய்துவிடலாம் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஐதராபாத்தின் நாராயண பீசபாட்டி. 2010-ல் பேக்கீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சோளம் (மக்காச்சோளம் அல்ல), அரிசி, கோதுமை மாவுகளைக் கலந்து ஸ்பூன் சுட்டு விற்றார். அதற்கு முன் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். நெல்லுக்காக நிலத்தடி நீர் வற்றிக்கொண்டே போவதைப் பார்த்து, தண்ணீர் அதிகம் கேட்காத சோளத்துக்கு ஒரு சந்தை வேண்டும் என்று நினைத்தார். ஆறிய சோள ரொட்டி விறைத்துப்போவதைக் கவனித்தவருக்கு அதுவே வழியும் காட்டியது.

நமக்கு இதில் ஒரு பெரிய வசதி: அந்தச் சோளம் இங்கே எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் மபேலா மாவு என்று கிடைக்கும். எங்கிருந்தும் வரவழைக்க வேண்டாம்.

மாவு வாங்கும்போது

உடனடிக் கஞ்சி என்று விற்கும் மபேலா வேண்டாம். அது ஏற்கெனவே வெந்த மாவு, பல பொட்டலங்களில் சர்க்கரையும் இருக்கும். உம்கோம்போத்தி பீருக்கு விற்கும் முளைகட்டிய சோள மாவு அதைவிட ஆகாது. முளைவிட்ட தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி இருக்கிறது. பிசையப் பிசைய மாவு இளகிப் பிசுபிசுத்துவிடும். சாதாரண மபேலா மாவில் நைசான ரகத்தை எடுங்கள். கொரகொரப்பாக இருந்தால் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிச் சலித்துக்கொள்ளலாம்.

மபேலா 1 கப், அரிசி மாவு அரை கப், கோதுமை மாவு அரை கப், உப்பு அரை டீஸ்பூன். சுமார் 20 ஸ்பூன் வரும். எண்ணெயோ நெய்யோ மாவில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பிஸ்கட் போலப் பொலபொலத்துவிடும். சோடாவும் வேண்டாம். மாவு உப்பினால் உள்ளே ஓட்டை, ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும். டர்பன் ஈரக்காற்றில் சர்க்கரையையும் தவிர்ப்பேன். மணம் வேண்டுமென்றால் ஓமமோ மிளகோ நன்றாகப் பொடித்துப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அந்த இடத்தில்தான் விரிசல் விழும்.

பிசைவது

சோளத்தில் கோதுமைக்கு இருக்கும் பசைத்தன்மை கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிர்ந்துவிடும். ஆகவே மபேலா, அரிசி மாவு, உப்பு மூன்றையும் கலந்து, கொதிக்கும் தண்ணீர் அரை கப் ஊற்றி, கட்டையால் கிளறி மூடி வையுங்கள். இடியாப்பத்துக்குச் செய்கிற அதே வேலைதான். சூட்டில் மாவுச்சத்து வெந்து பசையாகும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கோதுமை மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீர் போதாவிட்டால் ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளிக்கலாம். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள்.

வடிவம் கொடுப்பது

வீட்டில் உள்ள எவர்சில்வர் ஸ்பூன்களே அச்சு. குழிவான பக்கத்தில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்து, மாவைச் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு அழுத்திப் பரப்புங்கள். பலர் ஸ்பூனின் முதுகில் மாவைப் போர்த்துகிறார்கள், அது சரிப்படாது. காயும்போது மாவு சுருங்கும்; முதுகில் இருந்தால் உலோகம் விட்டுக்கொடுக்காது, மாவுதான் பிளக்கும். குழியில் இருந்தால் தாராளமாகச் சுருங்கித் தானே விட்டு வரும்.

கிண்ணமும் காம்பும் சேரும் கழுத்துதான் ஒடியும் இடம். அங்கே மட்டும் ஒரு சிட்டிகை மாவு கூட வைத்து, ஈர விரலால் வழித்துவிடுங்கள். காம்பு நீளமாக வேண்டாம். குட்டையாக, பட்டையாக இருந்தால் கைக்கும் வாகு. காம்பில் முள்கரண்டியால் நாலு குத்து குத்தினால் கொப்புளம் வராது. கிண்ணத்தில் குத்த வேண்டாம், ஒழுகும்.

சுடுவது, அதைவிட முக்கியமாக உலர்த்துவது

ஸ்பூனின் பலம் மாவில் பாதி என்றால், உலர்த்துவதில் மீதிப் பாதி. அவசரப்படுகிறவர்களுக்கு மேலே சிவந்து உள்ளே ஈரமான ஸ்பூன்தான் கிடைக்கும். ரசத்தில் விட்டதும் துவண்டுவிடும்.

ஓவனை 150 டிகிரியில் சூடாக்கி, அச்சோடு 20 நிமிடம் வையுங்கள். ஓரம் விலகி நிற்பது கண்ணுக்குத் தெரியும். அப்போது அச்சிலிருந்து எடுத்து, கவிழ்த்துக் கம்பித்தட்டில் அடுக்கி இன்னும் 15 நிமிடம். பிறகு சூட்டை 100 டிகிரிக்கு இறக்கி, ஓவன் கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். உள்ளே இருக்கும் நீராவி வெளியேற வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்பூன்களை ஓவனுக்குள்ளேயே ஆறவிடுங்கள்.

ஆறிய ஸ்பூன் இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். டக்கென்று ஓடு தட்டுவது போலக் கேட்டால் காய்ந்துவிட்டது. சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம் 100 டிகிரியில். கடைசியாக ஒன்றைச் சூடான ரசத்தில் போட்டுக் கடிகாரம் பாருங்கள். பேக்கீஸ் ஸ்பூன் 20 நிமிடம் தாங்கும் என்றார்கள். வீட்டு ஸ்பூன் 10 நிமிடம் நின்றால் ஒரு கிண்ணம் பாயசத்துக்குத் தாராளம். பிறகு அது ஊறி மெத்தென்று ஆகும். பல் இல்லாத தாத்தா ஆயாவுக்கு அதுவே வசதி. மற்றவர்கள் முறுக்கு போலக் கடிக்கலாம்.

எடுத்ததும் கோவிலுக்கு ஐந்நூறு செய்கிறேன் என்று இறங்காதீர்கள். வீட்டு விசேஷம் ஒன்றுக்கு ஒரு தட்டு செய்து, பெரியம்மா அத்தைமாரிடம் கொடுத்துக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியாருக்கு வைக்கும்போது கோதுமை கலந்தது என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பது கட்டாயம். கோதுமை ஒவ்வாதவர்கள் உண்டு. அவர்களுக்கு என்று கோதுமை இல்லாமல் செய்தால் சீக்கிரம் ஒடியும். கனம் கூட்டித்தான் செய்ய வேண்டும்.

இறுக மூடும் டின்னில் போட்டு வைத்தால் சில வாரங்கள் இருக்கும். டர்பன் கோடையில் மூடியைத் திறந்து வைத்தால் ஒரே இரவில் ஈரம் ஏறிவிடும். நமத்துப்போனதைத் தூக்கிப் போட வேண்டாம். பரிமாறும் நாளன்று காலையில் 100 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுத்தால் மறுபடி விறைக்கும். ஒடிந்த துண்டுகளைச் சூடான பாலில் ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.