ராக் இசை இதழ் தொடங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராக் இசைக்கு ஓர் இதழ் தொடங்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், "யார் வாங்கிப் படிப்பார்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். "ராக் கேட்கிற எல்லாரும்" என்று பெரும்பாலும் பதில் வரும். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. அச்சகத்தில் வரும் சிக்கல்களை எப்படியாவது சரிசெய்துவிடலாம், இதைப் பின்னால் திருத்துவது மிகக் கடினம்.

ராக் கேட்கிறவர்கள் ஒரே கூட்டம் இல்லை. அறுபதுகளின் ப்ளூஸ் ராக் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு, அந்தப் பதிவு எந்த ஸ்டுடியோவில், எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். டெத் மெட்டல் என்னும் அதிரடியான ராக் வகையை வாசிக்கும் குழுவில் டிரம்ஸ் அடிக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கோ, தன்னைப் போன்ற குழுக்கள் எங்கே வாசிக்கின்றன, எப்படிப் பதிவுசெய்கின்றன என்பதுதான் முக்கியம். இருவருக்கும் பாதிப் பாதி பக்கம் ஒதுக்கினால் இருவருமே வாங்க மாட்டார்கள்.

பிரிட்டனில் நிலைத்த இரண்டு இதழ்களைப் பாருங்கள். 'கெராங்' 1981 ஜூனில் 'சவுண்ட்ஸ்' வார இதழின் சிறப்பு வெளியீடாக வந்தது. ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் அட்டையில் இருந்தார். ஹெவி மெட்டல் பிரியர்களுக்கென்றே செய்யப்பட்ட அந்த ஒரு வெளியீட்டுக்குக் கிடைத்த வரவேற்பில்தான் தனி இதழ் பிறந்தது. 1993இல் வந்த 'மோஜோ' நேர் எதிர்த் திசையில், பழைய இசையில் ஆழ்ந்து கிடக்கும் வாசகரைத் தேடிப் போனது. இரண்டும் ராக் இதழ்கள்தான். ஆனால் ஒன்றின் வாசகரை மற்றொன்று துரத்தவில்லை.

1952இல் தொடங்கிய 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' கதை வேறு. விற்பனை சுருங்கிக்கொண்டே வந்து, 2015 செப்டம்பரில் அது இலவச இதழானது. பிரதிகள் 3 லட்சத்தைத் தாண்டின. அத்தனை கைகளுக்குப் போயும் 2018 மார்ச்சில் அந்த வார இதழ் அச்சை நிறுத்தியது. பிரதி எத்தனை பேர் கைக்குப் போகிறது என்பதை மட்டும் வைத்து இதழின் ஆயுளைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வாசகர் கணக்கில் இன்னொரு மயக்கமும் உண்டு. முதல் இதழை நண்பர்கள் வாங்குவார்கள். பேட்டி கொடுத்த குழுக்களும் அவர்கள் வீட்டாரும் வாங்குவார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் இதழுக்குப் பிரதிகளைக் கூட்டுகிறவர்கள் பலர். நான் வேலைசெய்த ஒரு சிற்றிதழில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். இரண்டாம் இதழில் மூன்றில் ஒரு பங்குகூட விற்கவில்லை, கட்டுகள் பல மாதம் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தன. தங்கள் பெயரோ படமோ உள்ளே இல்லாத ஓர் இதழை எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். உங்கள் உண்மையான வாசகர் எண்ணிக்கை அதுதான். சமூக வலைத்தளத்தில் விருப்பக்குறி போட்டவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. முன்பணம் கட்டியவர்களைச் சேர்க்கலாம்.

எத்தனை பிரதி அடிப்பது என்பதில் அச்சகத்தின் விலைப்பட்டியல் ஆசை காட்டும். ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) போட்டு இயந்திரத்தைத் தயார்செய்யும் செலவு ஒருமுறைதான் என்பதால், பிரதி கூடக் கூட ஒன்றின் அடக்கவிலை குறையும். விற்காத பிரதிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கடைகளுக்குப் போகும் இதழ்கள் பெரும்பாலும் 'விற்றதற்குக் காசு, விற்காதது திரும்பும்' என்ற முறையில்தான் போகின்றன. விநியோகஸ்தரும் கடைக்காரரும் விலையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார்கள், மீதியும் மாதங்கள் கழித்துத்தான் வரும். சில நூறு பிரதிகள் போதுமென்றால், பிளேட் இல்லாமல் கோப்பிலிருந்தே அடிக்கும் டிஜிட்டல் அச்சே நல்லது. 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி தொடங்கிய பங்க் இதழான 'ஸ்னிஃபின் க்ளூ' முதலில் 50 பிரதிகள்தான். பிரதிகள் தீரத் தீர அடித்து, ஓராண்டுக்குள் ஆயிரக்கணக்கில் வளர்ந்தது.

பக்கங்களைத் திட்டமிடும்போது, நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஆஃப்செட்டில் பதினாறு பக்கப் பாரமாக (ஒரே பெரிய தாளில் அடித்து மடிக்கும் பக்கங்களாக) கணக்கிட்டால் காகிதம் வீணாகாது.

'மாதந்தோறும் வரும்' என்று அறிவிப்பதை நான் அழுத்தமாகவே எதிர்ப்பேன். மூன்று பேர், அதுவும் வேறு வேலையில் இருப்பவர்கள், மாதாமாதம் பேட்டி எடுத்து, மெய்ப்புப் பார்த்து, லே-அவுட் முடித்து, கட்டுகளை அஞ்சலில் சேர்ப்பது நான்கைந்து மாதங்களில் உடம்பை முறித்துவிடும். காலாண்டிதழாக ஆரம்பியுங்கள். சந்தாத் தொகை கையில் வந்ததும் அதை வருமானம் என்று செலவழித்துவிடுவது இதோடு ஒட்டிப் பிறந்த தவறு. நான்கு இதழ்களுக்குச் சந்தா வாங்கினால் நான்கு இதழ்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். இதழ் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கால் பங்கு உங்கள் பணம்.

காலாண்டிதழ் என்றால் செய்தி பழசாகிவிடுமே என்பார்கள். ஆகும். அதனால்தான் செய்தியே போடாதீர்கள் என்கிறேன். புது ஆல்பம் வெளிவந்த நாளிலேயே எல்லாரும் கேட்டு, கருத்தும் சொல்லி முடித்திருப்பார்கள். ஒரு கிதார் ஒலி எப்படிக் கிடைத்தது என்று வாசித்தவரையும் பதிவுசெய்தவரையும் உட்காரவைத்துக் கேட்ட எட்டுப் பக்கப் பேட்டி, அரங்கின் வியர்வை தெரியும் பெரிய படங்கள், பிரிந்துபோன ஒரு குழுவின் முழு வரலாறு ஆகியவை மூன்று மாதம் தாங்கும், மூன்று வருடமும் தாங்கும். 1966இல் கல்லூரி மாணவராக, பதினேழு வயதில் பால் வில்லியம்ஸ் 'கிராடாடி' ராக் இதழை மிமியோகிராஃப் என்னும் பழைய நகல் இயந்திரத்தில் உருட்டித்தான் வெளியிட்டார். ராக் இசையைக் கருத்தூன்றி ஆராயும் எழுத்துக்காகவே அது இன்றும் பேசப்படுகிறது.

விளம்பரம் தருபவரின் ஆல்பத்துக்கு நல்ல விமர்சனம் எழுதித் தருவதாக ஒருமுறை ஒப்புக்கொண்டால், அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ராக் வாசகர் இதை மன்னிப்பதில்லை. விளம்பரம் வாங்குபவரும் விமர்சனம் எழுதுபவரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் எதையும் அச்சேற்றாதீர்கள். குழு அனுப்பிய படமானாலும் உரிமை பெரும்பாலும் புகைப்படக்காரருடையது. பாடல் வரிகளை முழுதாகப் போடுவதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். இதழ்களை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐஎஸ்எஸ்என்னுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

முதல் இதழ் அச்சுக்குப் போகும் நாளில், இரண்டாம் இதழின் முக்கியப் பேட்டி எழுதி முடிந்திருக்க வேண்டும், மூன்றாம் இதழுக்கான அச்சுச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வெளியீட்டு நாளை மூன்று மாதம் தள்ளிவையுங்கள்.