ஆற்றில் பிரேக் கிடையாது: நாரோபோட்டில் ஒரு நாள் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நாரோபோட் என்பது ஒடுங்கிய, நீளமான படகு. நாம் ஏறப்போவதன் அகலம் 6 அடி 10 அங்குலம், நீளம் 40 அடி, எடை பத்து டன்னை நெருங்கும். இங்கிலாந்தில் இதை ஓட்டிப் பார்க்க லைசென்ஸ் கேட்பதில்லை. அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு படகை வாடகைக்கு விடுகிறவர் சாவியைத் தந்துவிடுவார். அந்த அரை மணி நேரமும் எல்லோரும் தலையாட்டுவார்கள். முதல் வளைவிலேயே பாதி மறந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேம்ஸில் மேல்நோக்கிப் போய், காட்ஸ்டோ, கிங்ஸ், என்ஷம் ஆகிய மூன்று லாக்குகளை (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும், இரு முனையிலும் கதவுள்ள தொட்டிகளை) தாண்டித் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். எது எங்கே தப்பாகும்?

முதல் தவறு படகில் ஏறும் முன்பே நடந்துவிடுகிறது. மேப்பைப் பார்த்து, 'சுமார் ஆறு மைல்தானே' என்று நினைத்துவிடுவது. மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். படகுக்காரர்களின் கணக்கு இது. போக வர 12 மைல், லாக் 6 தடவை, ஆக 18. மூன்றால் வகுத்தால் 6 மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் சேருங்கள், லாக் வாசலில் வரிசையில் நிற்பதையும் சேருங்கள். மாலை 5 மணிக்குப் படகை ஒப்படைக்க வேண்டுமென்றால் கையில் மிச்சம் ஒன்றும் இராது. நிதானமாகப் போகத்தான் வந்தோம் என்றால் கிங்ஸ் லாக்கோடு திரும்புங்கள். இந்த வழியில் ஒரு வசதி, திரும்பும்போது நீரோட்டம் கூடவே வரும். அபிங்டன் பக்கம் கீழ்நோக்கிக் கிளம்பினால் காலையில் ஜோராகப் போகும், மாலையில் அதே தூரத்துக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கிளம்புமுன் லாக்கில் மாட்டியிருக்கும் பலகையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் நீரோட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது. எது என்று அதிலேயே எழுதியிருக்கும். சிவப்பு என்றால் வெள்ளத்தின் வேகம் ஆபத்தான அளவில் இருக்கிறது. சிவப்புப் பலகை இருக்கும் நாளில் பணத்தைப் பார்க்காமல் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

ஓட்டுவதில் குழப்பம் டில்லரில், அதாவது சுக்கானைத் திருப்பும் பின்பக்கத்துக் கைப்பிடியில்தான் தொடங்கும். டில்லரை வலப்பக்கம் தள்ளினால் முன்முனை இடப்பக்கம் போகும். இது பத்து நிமிடத்தில் பழகிவிடும். பழகாதது இன்னொன்று: படகு தன் நடுவை வைத்துச் சுழல்கிறது. முன்முனை இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் வீசும். கரையிலிருந்து கார் எடுப்பதுபோல ஒடித்துத் திருப்புகிறவர்களின் வால் கரையில் மோதும், புரொபெல்லர் சேற்றைக் கிளறும். படகு நீரோட்டத்தைப் பார்த்து நிற்கிறதென்றால் முன் கயிற்றை முதலில் அவிழ்த்தால் போதும். தண்ணீரே முன்முனையை வெளியே தள்ளிவிடும். பின் கயிற்றைக் கடைசியில் எடுங்கள்.

நிறுத்துவதற்கு ரிவர்ஸ் ஒன்றுதான் வழி. லீவரை முன்னேயிருந்து நேரே பின்னுக்கு இழுக்காமல், நியூட்ரலில் இரண்டு விநாடி விடுங்கள், கியர்பாக்ஸ் பிழைக்கும். ரிவர்ஸில் சுக்கான் ஏறக்குறைய வேலை செய்யாது. புரொபெல்லர் பின்னோக்கித் தள்ளும் தண்ணீர் அதன்மேல் பட்டால்தான் அது திருப்பும். அதனால் படகை நேராக்கிவிட்டுப் பிறகு நிறுத்த வேண்டும். கட்டப்பட்ட படகுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்காமல் போவது இன்னொரு வழக்கமான தப்பு: உங்கள் படகு இழுக்கும் தண்ணீரில் அந்தப் படகு முன்னும் பின்னும் ஆடி, கரையில் அடித்த முளையையே பிடுங்கிவிடும். போர்ட் மெடோ புல்வெளிப் பக்கம் ஓரம் ஆழமில்லை, ஒட்டிப் போகாதீர்கள். தரைதட்டினால் த்ராட்டிலை முறுக்காமல், ஆட்களை மறுபக்கம் நகரச் சொல்லி, வந்த வழியே மெல்லப் பின்னால் எடுங்கள்.

கரையணையும்போது எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்தே வந்து, முன் கயிற்றை முதலில் கட்டுங்கள். பின் கயிற்றை முதலில் கட்டினால் நீர் முன்முனையைப் பிடித்துத் தள்ளி, படகை ஆற்றின் குறுக்கே நிறுத்திவிடும். இடைவெளி இருக்கும்போது கரைக்குத் தாவ வேண்டாம். காலை நீட்டிப் படகைத் தடுப்பதும் கூடாது. பத்து டன்னுக்கும் கற்சுவருக்கும் நடுவே கால் என்ன ஆகும்?

லாக்கில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது. முதலில், வாசலுக்கு வரும்போதே தடுப்பணை எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். தண்ணீர் அங்கேதான் இழுக்கும். நடு ஆற்றில் மிதந்துகொண்டு காத்திருக்காமல் காத்திருப்புக் கரையில் கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் என்ஜினை அணைக்க வேண்டும், தேம்ஸில் அது விதி. முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறாகக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையிலேயே வைத்திருங்கள். முடிச்சுப் போடவே கூடாது. ஏறும்போது கயிறு தளரும், இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கும்போது விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; முடிச்சுப் போட்டிருந்தால் தண்ணீர் கீழே போக, படகு கயிற்றில் தொங்கிச் சாயும். இறங்கும்போது இன்னொரு கவனம்: மேல்கதவின் அடியில் ஒரு கல்மேடை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் எல்லையைச் சுவரில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். வால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் மாட்டினால் முன்பக்கம் மட்டும் கீழே போய்ப் படகு மூழ்கும். சந்தேகம் வந்த நொடியே, தண்ணீரைத் திறந்துவிடும் ஷட்டரை மூடுங்கள். காட்ஸ்டோவுக்கு மேலே உள்ள லாக்குகளில் மின்விசை கிடையாது. பணியாளர் இல்லாத நேரத்தில் நீங்களே கையால் இயக்க வேண்டும். ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள்.

டில்லர் வீசும் வட்டத்துக்குள் யாரும் உட்காரக் கூடாது. பாலம் வருமுன் கூரையில் இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஸ்னி பாலத்தடியில் தண்ணீருக்கு மேல் 2.28 மீட்டர்தான் உயரம். ஆற்று நீர் பட்ட கையோடு சாப்பிடக் கூடாது, எலிக்காய்ச்சல் பயம் உண்டு. ஆள் தண்ணீரில் விழுந்தால் ரிவர்ஸ் போட்டு அருகே போகக் கூடாது, உடனே நியூட்ரல்.

படகு திடீரென்று உறுமிக்கொண்டு நகராமல் நின்றால் புரொபெல்லரில் எதோ சுற்றியிருக்கிறது. கரையில் கட்டி, என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் பின்பக்கத்து மூடியைத் திறந்து கையை விட வேண்டும். நீர்க்கொடியோ பிளாஸ்டிக் பையோ எடுத்தாயிற்று என்ற சந்தோஷத்தில் மூடியை இறுக்காமல் கிளம்பினால், புரொபெல்லரே தண்ணீரை என்ஜின் அறைக்குள் இறைக்கும். திருகை முழுதும் முறுக்கி, மெதுவாக ஓட்டி, ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகு வேகமெடுங்கள்.