குறுக்குப் புலங்களில் எலக்ட்ரான் பெருக்கம்: பைத்தானில் ஒரு சின்ன மாதிரி

வேகமாக வரும் எலக்ட்ரான் ஒரு தகட்டில் மோதினால் அதிலிருந்து வேறு சில எலக்ட்ரான்கள் கிளம்பும்; இவைதான் இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள். அவையும் தாவிப் போய் மோத, எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். இதைத்தான் இங்கே மாதிரியாக்கப் போகிறோம். பைத்தானும் அதன் எண்கணக்குத் தொகுப்பான நம்பையும் (NumPy) கணினியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். விரிதாளில் முயல வேண்டாம். எலக்ட்ரான்கள் கிளைவிடத் தொடங்கியதும் திணறிவிடும்.

முதலில் புலங்கள். கிடையாக ஒரு தகடு. அதிலிருந்து எலக்ட்ரானை மேலே இழுக்க மீட்டருக்கு 50,000 வோல்ட் மின்புலம். தகட்டுக்கு இணையாக, எலக்ட்ரான் போகும் திசைக்குக் குறுக்கே 0.01 டெஸ்லா காந்தப்புலம்.

அடுத்து எலக்ட்ரானைச் சின்னச் சின்னக் காலப் படிகளில் நகர்த்துவது. படியின் தொடக்கத்தில் உள்ள வேகத்தையும் விசையையும் அப்படியே படி முழுக்க நீட்டும் ஆய்லர் முறை வேண்டவே வேண்டாம்: படிக்குப் படி எலக்ட்ரானுக்குக் கொஞ்சம் ஓசி ஆற்றல் சேர்த்துவிடும். போரிஸ் முறைதான் என் தேர்வு. மின்புலத்தால் பாதித் தள்ளல், காந்தப்புலத்தால் ஒரு சுழற்றல், மறுபடி பாதித் தள்ளல், அவ்வளவுதான். கால இடைவெளி 1 பிக்கோவினாடி போதும்.

ஓய்விலிருந்து ஓர் எலக்ட்ரானை விட்டுப் பாருங்கள். 5.7 மி.மீ. எழும்பி, வளைந்து, 18 மி.மீ. தள்ளி இறங்கும். படம் அழகாக வரும். ஆனால் இறங்கும்போது உள்ள ஆற்றலை அச்சிட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம்! எல்லோரும் நிரலில் பிழை தேட உட்காருவது இங்கேதான். நிரலில் ஒன்றுமில்லை. காந்தப்புலம் பாதையைத் திருப்புமே தவிர ஆற்றல் தராது. தகடு முழுக்க ஒரே மின்னழுத்தம் என்றால், ஏறும்போது வாங்கியதை எலக்ட்ரான் இறங்கும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். பூஜ்ய ஆற்றலில் வந்து விழுவது எந்த இரண்டாம்நிலை எலக்ட்ரானையும் கிளப்பாது.

ஆகவே தகட்டின் நெடுகிலும் மின்னழுத்தம் கூடிக்கொண்டே போக வேண்டும். 1930களில் தொலைக்காட்சி முன்னோடி ஸ்வோரிகினின் (Zworykin) குழு உருவாக்கிய காந்தப்புல எலக்ட்ரான் பெருக்கியிலும் தகட்டுக்குத் தகடு மின்னழுத்தம் ஏறும். நம் மாதிரியில் பயணத் திசையில் மீட்டருக்கு 10,000 வோல்ட் சேருங்கள். இப்போது உயரம் 4.1 மி.மீ. ஆகக் குறையும், தாவல் 16.5 மி.மீ., இறங்கும் ஆற்றல் 165 எலக்ட்ரான்வோல்ட் (ஒரு வோல்ட் மின்னழுத்தம் ஏறும்போது எலக்ட்ரான் பெறும் ஆற்றலே ஓர் எலக்ட்ரான்வோல்ட்). தாவலையும் 10,000-ஐயும் பெருக்கினால் இதே எண் வர வேண்டும். வராவிட்டால் மேற்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம் பெருக்கம். நல்ல பூச்சுள்ள பரப்பு என்று கொண்டு, மோதலுக்குச் சராசரி 3 எலக்ட்ரான் வருமாறு பாய்சான் பரவலில் (சராசரியைச் சுற்றி 0, 1, 2 என முழு எண்களைத் தற்செயலாகத் தரும் பரவல்) எண்ணிக்கையை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் சில எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலும் மேல்நோக்கிய ஏதோ ஒரு திசையும் கொடுத்தால் போதும். 10 தாவலில் ஏறத்தாழ 59,000 எலக்ட்ரான்.

பின்சேர்க்கை: எலக்ட்ரான் தகட்டுக்குத் திரும்பவே மாட்டேன் என்கிறதா? காந்தப்புலத்தின் குறியை மாற்றுங்கள். குறி தலைகீழானால் அது பின்பக்கமாக நகர்ந்து மேலே மேலே விலகிக்கொண்டே போகும். புறப்பட்ட கணமே ‘இறங்கிவிட்டது’ என்று நிரல் சொன்னால், உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போனதா என்பதோடு திசைவேகம் கீழ்நோக்கி இருக்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.