அலுவலகக் கணினிகளில் வீணாகும் மின்சாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலுள்ள அலுவலகங்கள் பலவற்றில், மாலையில் வீடு திரும்புவோர் மொனிட்டரை மட்டும் அணைத்துவிட்டுக் கணினியை அப்படியே ஓடவிட்டுச் செல்கின்றனர். திரை இருண்டதும் செலவு நின்றுவிட்டதாக எண்ணுவதே முதலாவது தவறு. மேசைக் கணினியொன்று வேலையின்றிச் சும்மா இருக்கையில் 50 வாட் எடுப்பதாகக் கொண்டால், வெள்ளி மாலை 5.30 முதல் திங்கள் காலை 8.30 வரையான 63 மணித்தியாலங்களில் மூன்று அலகுகளுக்கு மேல் செலவாகும்; அத்தகைய 20 கணினிகளுக்கு அது 63 அலகுகள். திங்கட்கிழமை போயா விடுமுறையாக அமைந்தால் இன்னும் 24 அலகுகள் சேரும். வேலை நாட்களிலோ, ஆளில்லாத கணினி வெளியிடும் வெப்பத்தை அகற்றவும் ஏசி கூடுதலாக உழைக்கிறது.

ஸ்கிரீன் சேவரை நம்புவது அடுத்த தவறு. பழைய குழாய்த் திரைகளில் படம் நிலையாகப் பதிந்துவிடாமல் காக்கவே அது உருவாக்கப்பட்டது. இன்றைய திரையில் அது எதையும் மிச்சப்படுத்துவதில்லை. திரை 10 நிமிடத்தில் அணையவும், கணினி 30 நிமிடத்தில் ஸ்லீப் (உறக்க) நிலைக்குச் செல்லவும் அமைப்பதே பயன் தரும். அந்நிலையில் பெரும்பாலான கணினிகளுக்குச் சில வாட் மட்டுமே போதும்.

இவ்வாறு அமைத்த பின்னர் சரிபாராமல் விடுவதுதான், என் கருத்தில், மிகவும் கவலைக்குரியது. உலாவியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீடியோ, வேறொருவர் வலையமைப்பின் ஊடாகத் திறந்து வைத்த கோப்பு, பழைய டிரைவர் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே கணினியை இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்துவிடும். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளையை நிர்வாகி உரிமையுடன், 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற தெரிவோடு (powercfg /requests) இயக்கினால், தடுப்பது எதுவென்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சிறிய நிறுவனங்களில் கணக்கு மென்பொருளின் தரவு ஒரே கணினியில் இருப்பதால், அது உறங்கினால் எல்லோருடைய வேலையும் தடைப்படும் என்று அஞ்சி, அனைத்துக் கணினிகளையும் உறங்காதபடி அமைத்துவிடுகின்றனர். விலக்கு அந்த ஒரு கணினிக்கு மட்டும் போதுமானது. நேரத்துக்கேற்பக் கட்டணம் செலுத்தும் பெரிய பாவனையாளர்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையே அலகின் விலை மிக அதிகம் என்பதால், அலுவலகம் மூடிய பின் ஓடும் கணினிகள் அவர்களுக்கு இரட்டிப்பு நட்டம்.

மின்தடைக்கு அஞ்சி ஸ்லீப்பைத் தவிர்ப்போரும் உண்டு. மேசைக் கணினிகளில் ஹைபிரிட் ஸ்லீப்பை இயக்கி வைத்தால், திறந்திருந்த வேலை வன்தட்டிலும் பதிவாகிவிடுவதால், மின்சாரம் மீண்டு வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.