ஹப்பா, சுவிட்சா? நெட்வொர்க் போக்குவரத்தைப் பார்க்க எதை மாட்டுவது

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய நெட்வொர்க் பிரிண்டர். காலையில் ஒழுங்காக அச்சடிக்கும், மதியம் திடீரென்று எல்லோருக்கும் மறுத்துவிடும். காரணம் தெரிய, அதற்குப் போகும் பாக்கெட்டுகளை (நெட்வொர்க்கில் போகும் சின்னச் சின்னத் தரவுத் துண்டுகள்) பார்த்துவிடலாம் என்று, பிரிண்டரும் மற்றக் கணினிகளும் கேபிளால் இணையும் பெட்டியான சுவிட்சில் என் லேப்டாப்பையும் செருகி, பாக்கெட்டுகளைப் பதிந்து காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கைத் திறந்தேன். பத்து நிமிடம் ஓடியும் திரையில் வந்ததெல்லாம் "192.168.1.40 யாரிடம் இருக்கிறது?" என்று எல்லோரையும் கேட்கும் ஏஆர்பி (முகவரி தேடும்) பாக்கெட்டுகள்தான். பிரிண்டருக்கும் மற்றக் கணினிகளுக்கும் நடந்த பேச்சில் ஒரு பாக்கெட்கூட இல்லை. மென்பொருள்தான் பழுது என்று நினைத்து இரண்டு முறை நீக்கி மறுபடி நிறுவினேன். பழுது அங்கே இல்லை. சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

சுவிட்சைப் போலவே கேபிள்களை இணைக்கும் பழைய வகைப் பெட்டி ஹப். அதற்கு யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியாது. ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அப்படியே திருப்பி அனுப்பும். சுவிட்ச் அப்படியல்ல. உள்ளே வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (கேபிளில் பாக்கெட்டைச் சுமந்து வரும் உறை) அனுப்பியவரின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் அட்டையின் வன்பொருள் முகவரியைப் பார்த்து, "இந்த முகவரி இந்தப் போர்ட்டில்" என்று அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அதன்பிறகு அந்த முகவரிக்கு வருவது அந்தப் போர்ட்டுக்கு மட்டுமே போகும். ஏஆர்பி கேள்வி போல எல்லோருக்குமானது, அல்லது அட்டவணையில் இல்லாத முகவரி என்றால்தான் எல்லாப் பக்கமும் அனுப்பும். பல சுவிட்சுகளில் 300 வினாடிகள் சத்தமே இல்லாத முகவரி அட்டவணையிலிருந்து போய்விடும். அதனால் எப்போதாவது ஒன்றிரண்டு அந்நிய பாக்கெட்டுகள் உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்து எல்லாமே தெரிகிறது என்று நம்பிவிடாதீர்கள்.

முதலில் ஹப்பை முயன்றேன்

பழைய சாமான் பெட்டியில் 10/100 ஹப் ஒன்று கிடைத்தது. பிரிண்டர், சுவிட்சிலிருந்து வரும் கேபிள், என் லேப்டாப் மூன்றையும் அதில் மாட்டினேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை! ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. இப்படி இரண்டு வேகங்களில் இயங்கும் ஹப்புக்குள் உண்மையில் இரண்டு ஹப்புகள் இருக்கின்றன: 10 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 10 மெகாபிட்) போர்ட்டுகளுக்கு ஒன்று, 100க்கு ஒன்று. இரண்டையும் இணைப்பது நடுவில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். பிரிண்டரும் அலுவலக சுவிட்சும் 10இல் இருந்தன, என் லேப்டாப் மட்டும் 100இல். முன்பக்க விளக்குகளைக் கவனித்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். லேப்டாப்பின் வேகத்தை 10க்குக் கட்டாயப்படுத்தினேன். இப்படி பிரிண்டர் இருக்கும் பக்கத்துக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனபோது, பிரிண்டருக்கு வருவதும் அது அனுப்புவதும் இரண்டுமே தெரிந்தன.

தெரிந்தும் ஹப்பைக் கழற்றிவிட்டேன். ஹப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், இருவர் பேசினால் மோதல். அதாவது ஆராய வேண்டிய நெட்வொர்க்கின் நடத்தையையே நாம் மாற்றிவிடுகிறோம். அந்தப் பதிவில் வரும் தாமதம் பிரிண்டரின் பிரச்சினையா, ஹப்பின் பிரச்சினையா என்று பிரிக்க முடியாது. இன்று ஹப்பைத் தேடி வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து அனுப்பும் வசதி) உள்ள ஐந்து போர்ட் ஸ்மார்ட் சுவிட்ச், அதாவது அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய சுவிட்ச், ஒன்று போதும். வாங்கும் முன் விவரப் பட்டியலில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண சுவிட்சில் இருக்காது.

படி 1: பிரிண்டருக்கும் அலுவலக சுவிட்சுக்கும் நடுவில் ஸ்மார்ட் சுவிட்சை வையுங்கள். எந்தக் கேபிள் எந்த எண் போர்ட்டில் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையது: 1 அலுவலக சுவிட்ச், 2 பிரிண்டர், 5 லேப்டாப்.

படி 2: சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தில் மிரரிங் பகுதிக்குப் போய், மூலப் போர்ட் 2, சேரும் போர்ட் 5 என்று போடுங்கள்.

படி 3: திசை. இங்கேதான் மறுபடி தடுக்கியது. நான் "இன்கிரஸ்" மட்டும் தேர்ந்திருந்தேன். பிரிண்டரின் பதில்கள் வந்தன, அதனிடம் கேட்டவை வரவில்லை. இந்தச் சொல் சுவிட்சின் பார்வையில் சொல்லப்படுவது: பிரிண்டரிலிருந்து சுவிட்சுக்குள் நுழைவது இன்கிரஸ், சுவிட்சிலிருந்து பிரிண்டருக்கு வெளியேறுவது எக்ரஸ். இரு திசையையும் குறிக்கும் "போத்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அமைப்பைச் சேமியுங்கள், இல்லாவிட்டால் சில சுவிட்சுகள் மின்சாரம் போனதும் மறந்துவிடும்.

படி 4: வயர்ஷார்க்கில் வைஃபையை விட்டுவிட்டு ஈதர்நெட் அட்டையைத் தேர்ந்து ஓடவிடுங்கள். பிரிண்டரின் முகவரி உள்ள பாக்கெட் ஒன்றின்மேல் வலது கிளிக் செய்து, அதையே வடிகட்டியாகப் போட்டுக்கொள்ளலாம். நாள் முழுக்கப் பதிவதென்றால் நான் டிசிபிடம்ப் என்ற கட்டளைவரி நிரலில் கோப்பாக எடுத்து, வயர்ஷார்க்கில் நிதானமாகத் திறப்பேன்.

மதியம் அச்சு மறுத்தபோது திரையில் இருந்தது இதுதான்: என் கணினி பிரிண்டரின் 9100ஆவது போர்ட்டைத் (இது கேபிள் துளை அல்ல, அச்சு வேலைகளை ஏற்கும் மென்பொருள் வாசல் எண்) தட்டியது, உடனே மறுப்பு பாக்கெட் வந்தது. அதற்கு மேலே பார்த்தால், மூலையில் இருக்கும் ஒரு பழைய கணினி அதே 9100இல் ஒரு இணைப்பைத் திறந்து மூடாமலே வைத்திருந்தது. எங்கள் பிரிண்டர் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் ஏற்கும். அந்தக் கணினியில் சிக்கிக் கிடந்த அச்சு வேலையை நீக்கினேன், அடுத்த நிமிடமே எல்லோருக்கும் அச்சு வந்தது.

பிற்சேர்க்கை: இதைப் படித்து முயன்ற இருவருக்கு, மிரர் செய்ததும் லேப்டாப்பில் இணையம் நின்றுவிட்டது. பல சுவிட்சுகளில் சேரும் போர்ட் கேட்க மட்டுமே, பேச முடியாது. இணையத்துக்கு வைஃபையை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: நெரிசலான ஜிகாபிட் போர்ட்டை மிரர் செய்தால் பாக்கெட்டுகள் விடுபடும். இரு திசையும் சேர்ந்தால் 2 ஜிபிபிஎஸ் வரை வரலாம், சேரும் போர்ட் எடுப்பதோ 1 தான். பதிவில் பாக்கெட் இல்லை என்றால் அது நெட்வொர்க்கிலேயே இல்லை என்று முடிவுகட்டிவிடாமல், சுவிட்சின் எண்ணிக்கைப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். எதைச் செய்தாலும் உங்களுடைய, அல்லது அனுமதி பெற்ற நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள். மற்றவர்களின் பேச்சும் அந்தப் பதிவில் இருக்கும்.