வோக்கிக்குப் புது அன்ரனா: வாங்க முதல் அந்த ஊசியைப் பாருங்கள்

புது வோக்கி (வோக்கி டோக்கி) வாங்கிய முதல் கிழமையிலேயே எல்லாருக்கும் வருகிற ஆசைதான், கூட வந்த கட்டை அன்ரனாவைக் கழற்றி எறிந்துவிட்டு நீளமாக ஒன்றைப் பூட்டுவது. எனக்கும் வந்தது. கொழும்பிலிருந்து கூரியரில் எடுத்தேன். பார்சலைப் பிரித்தால் அன்ரனாவின் அடியிலும் ஊசி, வோக்கியிலும் ஊசி, இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அதனால் முதலில் கொனெக்டர், அதாவது அன்ரனாவும் வோக்கியும் பொருந்துகிற முனை.

வோக்கியை நிறுத்திவிட்டு, அன்ரனாவை அடியில் பிடித்து இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். நுனியில் பிடித்துத் திருகாதீர்கள். இப்போது உள்ளே பாருங்கள். பாவோபெங் யூவி-5ஆர் வோக்கி என்றால் நடுவில் ஊசி இருக்கும், மரை உட்பக்கம் இருக்கும். இதற்கு நடுவில் துளையும் வெளியே மரையும் உள்ள அன்ரனா வேண்டும், அதன் பெயர் எஸ்எம்ஏ பெண் (எஸ்எம்ஏ என்பது இந்தச் சின்னத் திருகு கொனெக்டரின் வகை). யேசு (Yaesu), ஐகொம் நிறுவனங்களின் கைச்செற்றுகளில் எஸ்எம்ஏ உள்ளவை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர், அவற்றுக்கு ஊசி உள்ள ஆண் அன்ரனா. கடைக்காரர் ஆண், பெண் என்று எழுதுவது அன்ரனாவின் பக்கத்தை, உங்கள் வோக்கியை அல்ல. நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். வைஃபை ரவுட்டரில் இருக்கிற அன்ரனாவும் பார்க்க இதே மாதிரி இருக்கும், பூட்டிப் பார்க்கவே வேண்டாம். அது வேறு அலைவரிசைக்குச் செய்தது, ஊசியும் துளையும் இடம் மாறியிருக்கும்.

மறுகா, சட்டம். நம் இலங்கையில் இந்தக் கருவிகளால் பேசத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். கையில் இல்லையென்றால் பொழுதுபோக்காகப் பேசுவோருக்கான அமெச்சூர் உரிமத்துக்குப் படியுங்கள், அதுவரை பேச வேண்டாம்.

சரி, காசு செலவழிக்க முதல் ஒரு துண்டு வயர். கட்டை அன்ரனா என்பது பாதி அன்ரனாதான், மற்றப் பாதி வோக்கியின் உடலும் அதைப் பிடித்திருக்கிற உங்கள் கையும். அந்த மற்றப் பாதியை ஒழுங்காகக் கொடுத்தால் 145 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் வித்தியாசம் காதிலேயே தெரியும். கணக்கு லேசு: 71.5ஐ மெகாஹேர்ட்சால் வகுத்தால் கால் அலைநீளம் மீற்றரில் வரும். 71.5 ÷ 145, கிட்டத்தட்ட 49 சென்ரிமீற்றர். அந்த நீளத்துக்கு மெல்லிய பல இழை வயர் வெட்டி, ஒரு முனையில் வளைய லக் (வயர் முனையில் பூட்டும் உலோக வளையம்) ஒன்றை அழுத்தி ஈயம் வையுங்கள். எஸ்எம்ஏ மரை கால் அங்குலம், வளையத்தின் துளை அதற்கு ஒரு மயிரிழை பெரிதாக இருந்தால் போதும். அதை அன்ரனாவின் மரையில் கோர்த்து வோக்கியில் திருகுங்கள், வயர் வால் மாதிரிக் கீழே தொங்கட்டும். வளையம் வெளி உலோகத்தைத் தொட வேண்டும், நடு ஊசியின் பக்கமே போகக் கூடாது. லக் தடிப்பாக இருந்தால் ஊசி முழுதாக உள்ளே இறங்காது, மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். பார்க்க எலிவால் மாதிரித்தான் இருக்கும், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அதற்குப் பிறகும் நீள அன்ரனா வேண்டுமென்றால் நகோயா என்ஏ-771 மாதிரி 39 சென்ரிமீற்றர் அளவில் ஒன்றை எடுங்கள், போலிகள் நிறைய ஓடுகின்றன, கவனம். அடிக்கடி கழற்றிப் பூட்டுகிற ஆள் என்றால் எஸ்எம்ஏயிலிருந்து பிஎன்சி என்ற வேறு வகைக் கொனெக்டருக்கு மாற்றும் அடப்டர் ஒன்றை நிரந்தரமாகப் பூட்டிவிடலாம். கால்வாசித் திருகில் அன்ரனா மாறும், தேய்மானமும் அடப்டருக்குத்தான். ஆனால் அடப்டரின் தோள் வோக்கியின் உடலில் நன்றாக உட்கார வேண்டும், இடைவெளி இருந்தால் ஒரு றப்பர் வாஷர் போடுங்கள். நான் போடவில்லை. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று பேசிவிட்டு சைக்கிளில் ஏறும்போது அன்ரனா ஹாண்டிலில் கொளுவி ஒரு இழுவை. வெளியே ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அன்ரனாவை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் கேட்கும், விட்டால் இரைச்சல். திறந்து பார்த்தால் போர்டில் கொனெக்டரின் ஈயம் வட்டமாக வெடித்திருந்தது.

வாவி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நம் ஊரில் உப்புக்குக் குறைவில்லை. மாதம் ஒருமுறை கழற்றி, ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் மரையையும் ஊசியையும் துடையுங்கள். பஞ்சில் பச்சையாக வந்தால் பிந்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே இடம், ஒரே ஆள், குறைந்த பவர். யூவி-5ஆரின் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம், இரைச்சலைக் காதால் கேளுங்கள். அன்ரனா இல்லாமல் பேசும் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள், வெளியே போக வேண்டிய பவர் திரும்பி வந்தால் ட்ரான்சிஸ்டர் போய்விடலாம்.

இன்னொன்று, நம் பக்கம் தட்டை நிலம். தரையில் நிற்கிற ஆளின் கையில், ஒன்றரை மீற்றர் உயரத்தில், வோக்கிக்குத் தொடுவானம் 5 கிலோமீற்றர்தான். 6 மீற்றர் உயர மொட்டைமாடியில் அது 10. அதனால் புது அன்ரனாவைப் பூட்டி முற்றத்தில் நின்று பேசிவிட்டு 'ஒன்றும் மாறவில்லையே' என்று சலிக்க முதல், எலிவாலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருமுறை மாடிக்கு ஏறிப் பாருங்கள்.